பாஸை விட லெவல் கஷ்டமா? சேவ் போடும் இடத்தை மாற்றுங்கள்

எமுலேட்டரில் (பழைய கேம்களைக் கணினியிலோ போனிலோ ஓட்டும் மென்பொருள்) ‘நிஞ்ஜா கெய்டன்’ (1988) மாதிரிப் பழைய கேம் விளையாடினால், சேவ் ஸ்டேட்டை (அந்த நொடியை அப்படியே சேமிக்கும் வசதி) பாஸ் (லெவல் முடிவில் வரும் பெரிய எதிரி) வாசலில் போடாமல், அடிக்கடி விழுகிற பள்ளத்துக்குச் சற்று முன்னால், உயிர் நிறைய இருக்கும்போது போடுங்கள். பாஸ் ஒரே மாதிரித்தான் அசையும், கெதியில் பிடிபட்டுவிடும். லெவலில்தான் பாயும் நேரம் பார்த்துப் பறவை வந்து முட்டிப் பள்ளத்தில் விழுத்தும்; அந்தப் பாய்ச்சலை மட்டும் பழகினால் போதும், முழு லெவலையும் திரும்ப ஓடத் தேவையில்லை. மாரி மழைக்கு மட்டக்களப்பில் கரண்ட் போனாலும் சேவ் போட்ட இடத்திலிருந்து தொடரலாம். கடைசி பாஸுக்கு மட்டும் வாசலில் போடுவதே நல்லது: தோற்றால் ஆறாம் கட்டத்தின் தொடக்கத்துக்கே அனுப்பிவிடும். ஆன்லைன் கேம்களுக்கு இது சரிவராது.