வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் ஓமும் வாட்டும் கைக்கு வந்துவிடும்

பல்பு, ஹீட்டர் காயில், ரெசிஸ்டர் எதுவானாலும் சரி. அதன் இரு முனைகளுக்கு இடையே எத்தனை வோல்ட், அதன் வழியாக எத்தனை ஆம்பியர் என்று அளந்துவிட்டால் மீதி இரண்டையும் கணக்குப் போட்டுவிடலாம்.

மின்தடை (ஓம்) = வோல்ட் ÷ ஆம்பியர்
திறன் (வாட்) = வோல்ட் × ஆம்பியர்

சூத்திரம் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. ஆட்களைக் குழப்புவது சூத்திரம் இல்லை, அதில் போடும் எண்ணை எப்போது, எங்கே அளப்பது என்பதுதான்.

தேவையானவை

பழைய யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, பைக் இண்டிகேட்டருக்குப் போடும் 10 வாட் பல்பு ஒன்று, ஹோல்டர், 5 ஆம்பியர் பியூஸ், மல்டிமீட்டர். மீட்டர் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் மஞ்சள் நிற மீட்டரே போதும். தானாக ரேஞ்ச் மாற்றும் மீட்டரை நான் புதியவர்களுக்குச் சொல்வதே இல்லை. குமிழைக் கையால் திருப்பிப் பழகினால்தான் எந்த அளவில் விடை வரும் என்ற மதிப்பீடு மனதில் பதியும். வயரைக் கவ்விப் பிடிக்கும் முதலை கிளிப் நான்கு கட்டாயம் வாங்குங்கள். முனையைக் கையால் அழுத்திப் பிடித்தபடி அளந்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும்.

படி 1: ஆம்பியர்

மீட்டரின் கறுப்பு வயர் எப்போதும் COM என்று போட்டிருக்கும் காம் துளையில். சிவப்பை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, குமிழையும் 10 ஆம்பியருக்குத் திருப்புங்கள். பேட்டரி பாசிட்டிவில் இருந்து பியூஸ், மீட்டர், பல்பு, திரும்ப நெகட்டிவ் என்று ஒரே வரிசையில் வர வேண்டும். மின்னோட்டம் மீட்டருக்குள் புகுந்து வெளியே வந்தாக வேண்டும், அதனால்தான் இந்த வரிசை. ஆம்பியரில் வைத்த மீட்டரைப் பேட்டரியின் இரு முனையிலும் நேராக வைத்துவிடாதீர்கள். அது ஷார்ட் அடிப்பதற்குச் சமம். பல மலிவு மீட்டர்களில் அந்த 10 ஆம்பியர் துளைக்கு உள்ளே பியூஸும் கிடையாது.

என் மேசையில் வந்தது 0.70 ஆம்பியர்.

படி 2: வோல்ட், பல்பு எரியும்போதே

இங்கே நிதானமாகப் போங்கள். பல்பை இணைக்கும் முன் பேட்டரி முனையில் 12.7 காட்டும். அதைக் குறித்துக்கொண்டு கணக்கில் போட்டால் விடை தப்பு. லோடு ஏறியதும் பேட்டரி கொஞ்சம் இறங்கும். வயரிலும் பியூஸிலும் மீட்டரிலும் இன்னும் கொஞ்சம் போகும். நமக்கு வேண்டியது எரியும் பல்பின் இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள வோல்ட் மட்டும். இரண்டு மீட்டர் இருந்தால் ஆம்பியரையும் வோல்ட்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பது நல்லது. ஒன்றுதான் என்றால் மீட்டரை வரிசையில் இருந்து எடுத்துவிட்டு, பியூஸையும் பல்பையும் நேராக இணையுங்கள்; சிவப்பு வயரை வோல்ட் துளைக்கும் குமிழை வோல்ட்டுக்கும் மாற்ற மறக்காதீர்கள்.

ஜார்ஜ் ஓம் 1820களில் தன் விதியைத் தேடியபோதும் இதே தொல்லைதான். அன்றைய வோல்டா மின்கலம் நிலையாக நிற்காமல் ஏறி இறங்கியது. அதை விட்டுவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப மின்இரட்டைக்கு (இரு முனைகளின் வெப்ப வித்தியாசத்தால் மின்னழுத்தம் தரும் அமைப்பு) மாறினார். ஒரு முனை கொதிநீரில், மறுமுனை பனிக்கட்டியில். மின்னழுத்தம் அசையாமல் நின்றது, விதியும் பிடிபட்டது.

நான் பல்பில் அளந்தது 12.3 வோல்ட்.

படி 3: கணக்கு

12.3 ÷ 0.70 = 17.6 ஓம்
12.3 × 0.70 = 8.6 வாட்

பல்பில் 10 வாட் என்று போட்டிருக்கிறதே? அது வண்டி ஓடி, பேட்டரி சார்ஜ் ஆகும்போது வரும் 13.5 வோல்ட்டுக்கான எண். குறைந்த வோல்ட்டில் குறைந்த வாட்தான் வரும்.

இப்போது பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, ஓம் ரேஞ்சில் வைத்துப் பாருங்கள். ஒன்றரை ஓம் அளவில்தான் காட்டும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் 8 ஆம்பியர், 100 வாட் என்று வரும்! மீட்டர் பொய் சொல்லவில்லை. டங்ஸ்டன் இழை சூடேறும்போது அதன் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். சுவிட்சைப் போடும் நொடியில் பல்புகள் போவதற்கும் இதுவே காரணம். இஸ்திரிப் பெட்டியின் நிக்ரோம் காயிலில் இந்த வித்தியாசம் மிகக் குறைவு. ஆகவே இழை பல்புக்கு எரியும்போது எடுத்த வோல்ட், ஆம்பியர் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள்.

மில்லி ஆம்பியர் வந்தால்

12 வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்இடி எரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், ரெசிஸ்டருக்கு மீதி 10. மின்னோட்டம் 15 மில்லி ஆம்பியர். 10 ÷ 15 என்று போட்டு 0.67 ஓம் என்று நிறுத்தினால் எல்இடி போய்விடும். 15 மில்லி என்றால் 0.015 ஆம்பியர், 10 ÷ 0.015 = 667 ஓம். கடையில் 680 கிடைக்கும், அதையே போடுங்கள்.

நான் ஆம்பியருக்கு மாற்றுவதே இல்லை. வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் விடை கிலோ ஓமில். பெருக்கினால் மில்லி வாட்டில். 10 × 15 = 150 மில்லி வாட், கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும். அதே எல்இடியை 24 வோல்ட்டில் போட்டால் 22 × 15 = 330. கால் வாட் கருகும், அரை வாட் வாங்குங்கள்.

பின்சேர்க்கை: வீட்டு கரண்ட்

"இஸ்திரிப் பெட்டியை இப்படி அளக்கலாமா?" என்று சிலர் கேட்டார்கள். 230 வோல்ட்டில் இந்த முறை வேண்டவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து. வீட்டு மின் மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கே வேலையை முடித்துவிடும். ஒரு யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட் மணி) எத்தனை மினுக்கு என்று மீட்டர் முகப்பிலேயே இருக்கும். 3200 என்றால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை மட்டும் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 53 வந்தால், 53 × 60 ÷ 3200 = 0.99 கிலோவாட். நடுவில் தெர்மோஸ்டாட் அணைந்தால் மறுபடி எண்ணுங்கள்.

மின்விசிறி, மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அங்கே வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் கிடைப்பது வாட் இல்லை, வோல்ட்-ஆம்பியர். அதில் எத்தனை பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் பவர் பேக்டரால் பெருக்கினால்தான் வாட் வரும். மினுக்கு எண்ணும் முறையில் அந்தக் கவலை இல்லை, மீட்டர் பதிவதே உண்மையான வாட்டைத்தான்.