சூட்கேஸைப் பூட்டமுன் போனைத் திறந்து பாருங்கள்

போன தடவை எங்கள் ஊரான யாழ்ப்பாணத்துக்குப் போனபோது கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் உள்ளூர்ச் சிம் ஒன்று வாங்கினேன். கவுண்டரில் நின்ற தம்பி என் கனடாச் சிம்மைக் கழற்றி ஒரு துண்டுக் கடதாசியில் ஒட்டித் தந்தார். கைப்பைக்குள் போட்டேன். வவுனியாவில் தேத்தண்ணிக்கு இறங்கியபோது வங்கியிடமிருந்து மின்னஞ்சல்: அட்டையை முடக்கியிருக்கிறோம், திறப்பதற்குப் போனுக்கு வரும் ஆறு இலக்கக் கோட் எண்ணைப் போடுங்கள். எந்தப் போனுக்கு? கடதாசியில் ஒட்டியிருக்கும் சிம்முக்கு. கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். கடதாசி இருந்தது, சிம் இல்லை. டிரைவர் அண்ணை, மகன், நான் மூன்று பேரும் வானுக்குள் குனிந்து அரை மணித்தியாலம் தடவினோம். கடைசியில் சீற்றுக்கடியில் கிடந்த முறுக்குத் துண்டோடு அதுவும் வந்தது.

ஊரில் சிக்னல் கிடைக்குமா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் அது வடிவாகக் கிடைக்கும். கஷ்டம் தருவது இந்தக் கோட்தான். வங்கி, மின்னஞ்சல், அப்பிள் கணக்கு எல்லாம் நீங்கள் கழற்றி வைத்த நம்பரையே தேடும். அதனால் வெளிநாட்டுச் சிம்மைக் கழற்றவே வேண்டாம். அது போனுக்குள் கிடக்கட்டும், டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான திட்டங்களில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு எடுக்கமாட்டார்கள். இருந்தாலும் போகமுன் உங்கள் கொம்பனியிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

உள்ளூர் நம்பரை இ-சிம்மாக, அதாவது பிளாஸ்டிக் துண்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்மாக எடுக்கலாம். டயலொக், மொபிட்டெல் இரண்டு கொம்பனியிலும் உண்டு, பதிவுக்குப் பாஸ்போட் வேண்டும். 2025இல் வந்த ஐபோன் 17ஐக் கனடாவிலோ அமெரிக்காவிலோ வாங்கியிருந்தால் சிம் போடும் ஓட்டையே இருக்காது. அமெரிக்க ஐபோன்களுக்கு 14இலிருந்தே அதுதான் கதை. இவர்களுக்கு இ-சிம் தவிர வேறு வழியில்லை. ஊரில் பிளாஸ்டிக் சிம் ஒன்றைக் கையில் தந்தால் திருப்பிக் கொடுத்து இ-சிம் கேளுங்கள். போன் வேறு கொம்பனிச் சிம்மை ஏற்குமா என்பதையும் இங்கேயே பாருங்கள். கனடாவில் 2017 டிசெம்பர் தொடக்கம், பிரித்தானியாவில் 2021 டிசெம்பர் தொடக்கம் பூட்டிய போன் விற்க முடியாது. அமெரிக்காவில் தவணைக்கு எடுத்த போன் பூட்டியே இருக்கக்கூடும்.

புதுச் சிம்மைப் போட்டதும் நம்பரை மாற்றவா என்று வட்ஸ்அப் கேட்கலாம். வேண்டாம் என்று அழுத்துங்கள். அவசரத்தில் ஆம் என்று அழுத்தியவர் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன். பிக்மீயில் ஓட்டோ பிடிக்க மட்டும் உள்ளூர் நம்பரைக் கொடுங்கள். டிரைவர் உங்களுக்குத் திருப்பி எடுக்க வேண்டுமே.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது பொக்கற் ரவுட்டர். உள்ளங்கையளவு பெட்டி, அதற்குள் ஒரு சிம், அந்த ஒன்றிலேயே ஐந்து பேரும் தொங்கலாம். போனிலேயே ஹொட்ஸ்பொட் போடலாம்தான், ஆனால் மத்தியானத்துக்குள் பற்றரி இறங்கிவிடும், போனும் இடியப்பத் தட்டுப்போலச் சுடும். அதோடு போன்காரர் கிணற்றடிக்குக் குளிக்கப் போனால் வீட்டில் எல்லாருக்கும் இன்ரர்நெற் போய்விடும்.

லாச்சிக்குள் கிடக்கும் பழைய ரவுட்டரை எடுத்துப் போகிறீர்கள் என்றால் முதலில் அது பிடிக்கும் அலைவரிசையைப் பாருங்கள். இலங்கையில் 4ஜி பெரும்பாலும் 1800 மெகாஹேர்ட்ஸில், அதாவது பாண்ட் 3இல் ஓடுகிறது. வட அமெரிக்காவுக்கென்று செய்த சில பெட்டிகளில் அது இல்லை. மாடல் நம்பரைக் கூகிளில் போட்டால் தெரிந்துவிடும். சரி, பாண்ட் இருக்கிறதென்றால் மிச்ச வேலையை வீட்டிலேயே முடியுங்கள். பெட்டியைப் போட்டு, அதன் வைஃபையில் போனை இணைத்து, பின்பக்க ஸ்ரிக்கரில் உள்ள முகவரியை பிரவுசரில் அடியுங்கள். 192.168 என்று தொடங்கும், ஹுவாவேயில் வழக்கமாக 192.168.8.1. உள்ளே போய் இரண்டு பாஸ்வேர்ட்டையும் மாற்றுங்கள். வைஃபைக்கு ஒன்று, பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்கு ஒன்று. இரண்டாவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்ட்டையும் உங்கள் வீட்டு வைஃபையினதைப் போலவே வைத்துவிட்டால், பிள்ளைகளின் ஐபாட் முதல் அத்தையின் போன் வரை எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும்.

தானாக ஒட்டுவதில் ஒரு வினையும் உண்டு. வீட்டு வைஃபைதான் என்று நம்பி, எடுத்த படங்களையெல்லாம் போன் மேலே ஏற்றத் தொடங்கும், ஐபாட் அப்டேட் இறக்கும். கலியாண வீட்டுக்கு முதல் நாள் முழு டேட்டாவும் இரவோடிரவாகப் போனது எங்களுக்கு அப்படித்தான். படங்கள் தானாக மேலே ஏறுவதையும் தானியங்கி அப்டேட்டையும் எல்லாப் போனிலும் நிறுத்துங்கள். சில பக்கேஜ்களில் டேட்டாவைப் பகலுக்கும் இரவுக்குமெனப் பிரித்திருப்பார்கள். ரீலோட் போடும்போது மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காமல் பகலுக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

பெட்டியை அறைக்குள் மேசையில் வைக்காதீர்கள். பழைய நாற்சார் வீட்டுச் சுவர் அலையை விடாது. விறாந்தை யன்னலடி நல்லது, ஆனால் வெயில் படக்கூடாது. வெயிலில் வைத்த பெட்டியும் போனும் சூடேறி சார்ஜ் ஏறாமல் நிற்கும். ஐபோனுக்கு அப்பிள் சொல்லும் வெப்ப எல்லையே 35 பாகை, வானின் டாஷ்போட் அதைச் சும்மா தாண்டும்.

கரண்ட் பற்றி. அங்கே 230 வோல்ட். சார்ஜரில் 100–240 என்று எழுதியிருந்தால் பயமில்லை, 120 என்று மட்டும் இருந்தால் கொண்டுபோகாதீர்கள். பழைய வீட்டில் உருண்டை முள் பிளக், புது வீட்டில் சதுர முள். சதுரம் லண்டன்காரருக்கு அப்படியே பொருந்தும். மற்றவர்கள் இரண்டுக்கும் அடப்டர் வைத்திருங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருண்டது. அதனால் பவர் பாங்க் தேவைதான்.

ஆனால் பவர் பாங்க் கைப்பையில் மட்டுமே வரவேண்டும், சூட்கேஸில் போட்டால் எடுத்துவிடுவார்கள். எல்லை 100 வாட்-அவர். 20,000 மில்லி அம்பியர்-அவர் உள்ளது 74 வாட்-அவர்தான், தாராளம். எமிரேட்ஸ் 2025 ஒக்ரோபரிலிருந்து ஒருவருக்கு ஒன்றுதான் விடுகிறது, விமானத்துக்குள் அதைப் பாவிக்கவும் விடாது. சிங்கப்பூர் எயர்லைன்ஸிலும் 2025 ஏப்ரலிலிருந்து பாவிக்கத் தடை. சென்னையில் இறங்கிப் பலாலிக்கு வருகிறவர்கள் சற்றலைற் போனையோ, மலையேறும்போது கொண்டுபோகும் சற்றலைற் மெசேஜ் கருவியையோ தொடவே வேண்டாம். இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம், பிடித்தால் உள்ளேதான். ட்ரோன் கொண்டுபோகும் யோசனையையும் விடுங்கள், இலங்கையில் அதற்கு சிவில் விமான அதிகாரசபையின் அனுமதி வேண்டும்.

சூட்கேஸுக்குள் எயர்டாக், அதாவது பை எங்கே என்று காட்டும் அப்பிளின் சின்ன வில்லை, போடுவது நல்ல பழக்கம். கட்டுநாயக்கவில் பெல்ற்றில் வருமுன்னரே எங்கே என்று காட்டும். ஆனால் அது பக்கத்தில் இருக்கும் ஐபோன்களை நம்பித்தான் வாழ்கிறது. அன்ட்ரொயிட்காரர்கள் நிறைந்த ஊருக்குள் போனதும் வாய் மூடிவிடும். பை தொலைந்துவிட்டதென்று பதறாதீர்கள்.

சொந்தக்காரருக்குப் போன் கொண்டுபோகிறீர்களா? தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதியாத போன் அங்கே வேலை செய்யாமல் போகலாம். *#06# அடித்தால் அந்தப் போனின் அடையாளமான 15 இலக்க எண் வரும். இலங்கை நம்பரிலிருந்து ஐஎம்இஐ (IMEI) என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 1909க்கு அனுப்பினால் பதிவிருக்கிறதா என்று பதில் வரும். பதிவு இல்லையென்றால் காசை ஊரிலேயே கொடுத்து அங்கே வாங்கச் சொல்வது புத்தி.

அம்மம்மாவுக்கு நான் டப்லெட் கொண்டுபோனேன். பெட்டியோடு நீட்டி, "இந்தாங்கோ அம்மம்மா, இனி முகம் பாத்துக் கதைக்கலாம்" என்றேன். கணக்குத் திறக்க நம்பர் கேட்டது, என் கனடா நம்பரைப் போட்டேன். பிழை அங்கேதான். நான் திரும்பி வந்த பிறகு ஒருநாள் அது மறுபடி கோட் கேட்டபோது ரொறன்ரோவில் நடுச்சாமம். அம்மம்மா டப்லெட்டை மூடிவைத்து மேலே பூப்போட்ட துணியும் விரித்துவிட்டா. ஆகவே பக்கத்தில் இருக்கும் மச்சாளின் நம்பரைக் கொடுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள், தமிழில் பேசினால் எழுதும் கீபோட்டைப் போடுங்கள், முதற்பக்கத்தில் வட்ஸ்அப்பைத் தவிர மற்றதெல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், பொக்கற் இல்லை, உள்ளே படம் எடுக்கவும் முடியாது. போனை வீட்டில் விட்டுப் போவதே நிம்மதி. நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் குறிகட்டுவானில் படகு ஏறமுன் வரைபடத்தைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். தலைமன்னார்ப் பக்கம் போனால் நெற்வேர்க்கைக் கையால் தெரிவு செய்யுங்கள், அக்கரை தனுஷ்கோடிக் கோபுரத்தைப் போன் பிடித்துக்கொள்ளக்கூடும்.

திரும்பும்போது சிம்மை மச்சானிடம் கொடுத்துவிட்டு வருவது எங்கள் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். அது உங்கள் பாஸ்போட்டில் பதிந்த நம்பர், அதில் நடப்பதெல்லாம் உங்கள் பெயரில்தான் வரும். ரவுட்டரைத் தாராளமாக விட்டு வரலாம். பெட்டியிலுள்ள சின்ன ஓட்டைக்குள் ஊசியைக் குத்திப் பத்து விநாடி பிடித்தால் எல்லாம் அழிந்து புதுசாகிவிடும். மச்சான் தன் அடையாள அட்டையில் சிம் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும்.