செருகுநிரல்களோடு தொகுக்கும்போது 'நூலகம் இல்லை' என்று வந்தால்: கலெக்ட்-டியை முன்வைத்து ஒரு வழிகாட்டி

வழங்கிகளின் நிலையைத் தொடர்ந்து அளந்து பதிவு செய்யும் கலெக்ட்-டி என்னும் மென்பொருள், சிறிய மையநிரல் ஒன்றையும் அதைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட செருகுநிரல்களையும் (வேண்டியபோது சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்கள்) கொண்டது. செயலி, நினைவகம், சுமை ஆகியவற்றை அளக்கும் செருகுநிரல்கள் லினக்ஸில் கருவின் (கெர்னல்) கோப்புகளை நேரடியாகப் படித்துக்கொள்வதால் அவற்றுக்கு வெளி நூலகம் (பிற நிரல்கள் பயன்படுத்துவதற்கான ஆயத்த நிரல்தொகுப்பு) எதுவும் தேவையில்லை. அப்பாச்சியின் நிலையைக் கேட்டறியும் செருகுநிரலுக்கு லிப்கர்ல் வேண்டும். ஜேசான் தரவைப் படிப்பதற்கு லிப்கர்லோடு யாஜ்லும் வேண்டும். பிங் செருகுநிரலுக்கு லிப்ஓபிங், அளவீடுகளைச் சேமிக்கும் ஆர்ஆர்டி கோப்புகளில் எழுதுவதற்கு லிப்ஆர்ஆர்டி, மெய்நிகர்க் கணினிகளைக் கவனிப்பதற்கு லிப்வர்ட் என்று பட்டியல் நீளும். மூலநிரலிலிருந்து இதைத் தொகுக்க, அதாவது இயங்கும் நிரலாக மாற்ற முற்படுவோர் ஒருமுறையாவது 'நூலகம் இல்லை' என்னும் பிழையில் வந்து நிற்பதற்கு இதுவே காரணம். எஃப்எஃப்எம்பெக், என்ஜின்எக்ஸ் போன்ற பிற மென்பொருள்களைத் தொகுப்பவர்களுக்கும் கீழே சொல்லப்படுவதில் பெரும்பகுதி பொருந்தும். கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்பின்படி எழுதப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்யவேண்டும்.

பிழையைக் கண்டவுடன் அதில் தென்படும் நூலகத்தின் பெயரைக் கொண்டு எதையாவது நிறுவிப் பார்ப்பதுதான் பலரின் வழக்கம். அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இல்லை என்று சொல்வது யார்? தொகுப்புக்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் உரைநிரல் சொல்கிறதா, மூலநிரலை இயந்திரமொழியாக்கும் தொகுப்பி சொல்கிறதா, அதை நூலகங்களோடு சேர்க்கும் இணைப்பி சொல்கிறதா, அல்லது எல்லாம் முடிந்து நிரலை இயக்கும்போது இயங்குநேர ஏற்றி சொல்கிறதா? இந்நால்வரும் தேடும் பொருளும் வேறு, தேடும் இடமும் வேறு. தொகுப்பி தேடுவது, நூலகத்தின் சார்புகளை (ஃபங்ஷன்) அறிவிக்கும் தலைப்புக் கோப்பை. இணைப்பி தேடுவது பதிப்பெண் இல்லாத பெயருடைய நூலகக் கோப்பை. ஏற்றி தேடுவதோ பதிப்பெண்ணோடு கூடிய கோப்பை. ஒருவருக்குரிய மருந்தை மற்றவருக்குக் கொடுத்தால் பிழை அப்படியே நிற்கும்.

முதலில் கான்ஃபிகர் உரைநிரலைப் பார்ப்போம். கலெக்ட்-டியைப் பொறுத்தவரை இந்த உரைநிரல் ஒரு நூலகத்தைக் காணவில்லை என்றால் பெரும்பாலும் பிழையென்று நிறுத்துவதில்லை. அந்த நூலகத்தை நம்பியிருக்கும் செருகுநிரலைப் பட்டியலிலிருந்து ஓசையின்றி நீக்கிவிட்டு மேலே செல்கிறது. பிறகு தொகுப்பை நடத்தும் மேக் கட்டளையும் ஓடும், நிறுவலும் வெற்றிகரமாக முடியும். பல நாள் கழித்து அமைப்புக் கோப்பில் அந்தச் செருகுநிரலைக் கேட்கும்போதுதான், அப்படியொரு செருகுநிரலை அடைவில் காணவில்லை என்று மையநிரல் பதிவேட்டில் எழுதும். ஆகவே கான்ஃபிகர் முடிந்தவுடன் மேக் கட்டளையைக் கொடுக்க விரையாமல், திரையின் இறுதியில் அச்சாகும் சுருக்கப் பட்டியலை வரிவரியாகப் படிக்கவேண்டும். அதன் மேற்பகுதியில் நூலகங்களும் கீழ்ப்பகுதியில் செருகுநிரல்களும், ஒவ்வொன்றின் எதிரே 'எஸ்' அல்லது 'நோ' என்னும் விடையும் இருக்கும். இந்த ஒரு பழக்கம் மட்டும் இருந்தால் பின்னால் வரும் தொல்லைகளில் பாதி வாராது என்பது என் எண்ணம்.

உங்களுக்குக் கட்டாயம் வேண்டிய செருகுநிரல்களை 'எனேபிள்' என்று தொடங்கும் தெரிவின் வழியாகப் பெயர் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது. அவ்வாறு கேட்டால், நூலகம் இல்லாதபோது அந்தச் செருகுநிரலின் எதிரே 'டிபென்டென்சி எரர்' என்று எழுதிவிட்டு உரைநிரல் பிழையோடு நின்றுவிடும். ஓசையின்றித் தவறுவதைக் காட்டிலும் கண்முன்னே நின்றுபோவது நமக்கு நன்மைதான். மாறாக, எல்லாச் செருகுநிரல்களையும் ஒருசேரக் கேட்கும் தெரிவைப் பயன்படுத்துவோர் தமக்கு ஒருநாளும் தேவைப்படாத நூலகங்களைத் தேடி அலையவேண்டியிருக்கும். தேவையில்லாத செருகுநிரலை 'டிசேபிள்' தெரிவால் நிறுத்திவிடுவதும் முறையான தீர்வே.

அடுத்து, எதை நிறுவுவது என்னும் கேள்வி. 'லிப்கர்ல் என் கணினியில் ஏற்கெனவே இருக்கிறதே' என்று குழம்புவோர் பலர். டெபியன், உபுண்டு ஆகிய இயங்குதளங்களில் ஒரு நூலகம் இரண்டு பொதிகளாக (நிறுவுவதற்கான மென்பொருள் கட்டுகள்) பிரிக்கப்பட்டிருக்கும். லிப்கர்ல்4 என்னும் பொதியில், ஏற்கெனவே தொகுக்கப்பட்ட நிரல்கள் ஓடுவதற்குத் தேவையான கோப்பு மட்டும் இருக்கும். தலைப்புக் கோப்புகள், நூலகங்களின் இருப்பிடத்தைச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவி படிக்கும் விவரக் கோப்பு, இணைப்பி தேடும் பதிப்பெண்ணற்ற குறியீட்டு இணைப்பு (வேறொரு கோப்பைச் சுட்டும் பெயர்) ஆகியவை 'டெவ்' என்று முடியும் பெயருடைய பொதியில் இருக்கும். கர்லைப் பொறுத்தவரை அப்பொதியின் பெயர் லிப்கர்ல்4-ஓபன்எஸ்எஸ்எல்-டெவ். ஃபெடோரா, ரெட் ஹாட் குடும்பத்தில் இதே வேலையைச் செய்யும் பொதிகள் 'டெவல்' என்று முடியும். ரெட் ஹாட் வழிவந்த 9ஆம் பதிப்புகளில் இத்தகைய பொதிகள் பல சிஆர்பி என்னும் தனிக் களஞ்சியத்தில் உள்ளன. அக்களஞ்சியம் இயல்பாக முடக்கப்பட்டிருக்கும் என்பதால், பொதியே கிடையாது என்று முடிவு கட்டுவதற்கு முன் அதை இயக்கிப் பார்க்கவேண்டும். உபுண்டு 24.04 முதல் சில நூலகப் பொதிகளின் பெயர் 'டி64' என்று முடிவதைக் கண்டு திகைக்கவேண்டியதில்லை. 32 பிட் கட்டமைப்புகளில் நேரத்தைக் குறிக்கும் எண் 2038இல் நிரம்பிவிடும் என்பதற்காகச் செய்யப்பட்ட மாற்றத்தின் தடயம் அது. டெவ் பொதிகளின் பெயர்களை அது தொடவில்லை.

எந்தப் பொதியில் எந்தக் கோப்பு இருக்கிறது என்று ஊகிக்கவும் வேண்டாம். டெபியன் குடும்பத்தில் ஏபிடி-ஃபைல் என்னும் கருவியை நிறுவி, அதன் பட்டியலைப் புதுப்பித்து, காணாமற்போன தலைப்புக் கோப்பின் பெயரைக் கொடுத்துத் தேடினால் உரிய பொதியின் பெயர் கிடைக்கும். ஃபெடோராவில் டிஎன்எஃப் கட்டளையின் 'புரொவைட்ஸ்' என்னும் உட்கட்டளை இதையே செய்கிறது. நீங்கள் தொகுக்கும் மென்பொருள் இயங்குதளத்தின் களஞ்சியத்திலும் இருக்குமானால், டெபியனின் பொதி நிறுவியான ஏபிடியின் 'பில்ட்-டெப்' அல்லது டிஎன்எஃப்பின் 'பில்ட்டெப்' உட்கட்டளை அதைக் கட்டுவதற்கு வேண்டிய எல்லாப் பொதிகளையும் ஒரே வீச்சில் நிறுவிவிடும். ஏபிடியில் இது வேலை செய்ய மூலநிரல் களஞ்சியங்களை முன்னரே இயக்கியிருக்கவேண்டும்.

பொதியை நிறுவிய பின்னும் கான்ஃபிகர் 'இல்லை' என்று சாதிக்குமானால், அடுத்து திறக்கவேண்டியது கான்ஃபிக்.லாக் என்னும் கோப்பு. கான்ஃபிகர் உரைநிரல் ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு சிறு சோதனை நிரலை எழுதி, அதைத் தொகுத்துப் பார்த்து, அது தொகுபட்டால் 'இருக்கிறது', இல்லையேல் 'இல்லை' என்று தீர்ப்புச் சொல்கிறது. ஆகவே திரையில் தெரியும் 'நோ' என்பது தீர்ப்பு மட்டுமே. அதற்கான காரணம், அதாவது தொகுப்பி உண்மையில் சொன்ன சொல், இந்தக் கோப்பில்தான் இருக்கிறது. கோப்பின் கடைசி வரிகளில் மாறிகளின் மதிப்புகளே நிறைந்திருக்கும் என்பதால் அங்கே பார்த்துப் பயனில்லை. நூலகத்தின் பெயரையோ சார்பின் பெயரையோ கொடுத்துத் தேடி, முதலில் அகப்படும் 'எரர்' வரியைப் படிக்கவேண்டும். நூலகம் இருந்தும் அது நம்பியிருக்கும் வேறொரு நூலகம் இல்லாமையால் சோதனை தோற்றிருப்பது பலமுறை இங்கேதான் வெளிப்படும்.

பிகேஜி-கான்ஃபிக் வழியாகத் தேடப்படும் நூலகங்களுக்கு, அதே கேள்வியை நீங்களே கேட்டுப் பார்க்கலாம். 'மாட்வெர்ஷன்' தெரிவோடு நூலகத்தின் பெயரைக் கொடுத்தால், அக்கருவி கண்டெடுத்த பதிப்பைச் சொல்லும். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், அந்த நூலகத்தின் '.பிசி' கோப்பு அது தேடும் அடைவுகளில் இல்லை என்று பொருள். நீங்களே தொகுத்து தனி அடைவில் நிறுவிய நூலகங்களுக்கு இது இயல்பாக நேரும். அந்த அடைவின் கீழுள்ள பிகேஜிகான்ஃபிக் உள்ளடைவை, பிகேஜி_கான்ஃபிக்_பாத் என்னும் சூழல் மாறியில் சேர்த்துவிட்டு கான்ஃபிகரை மீண்டும் இயக்கவேண்டும். 64 பிட் ஃபெடோராவில் அந்த உள்ளடைவு 'லிப்' என்பதன் கீழ் இல்லாமல் 'லிப்64' என்பதன் கீழ் இருக்கக்கூடும். கிட் களஞ்சியத்திலிருந்து நேரடியாக மூலநிரலை எடுத்தவர்களுக்கு இன்னொரு விசித்திரமான பிழையும் வரலாம்: கான்ஃபிகர் ஓடும்போது நடுவில், நூலகத்தின் பெயரைக் காட்டி 'சின்டாக்ஸ் எரர்' என்று நின்றுவிடும். உரைநிரலில் தவறு ஏதும் இல்லை. கான்ஃபிகரை உருவாக்கிய வேளையில் பிகேஜி-கான்ஃபிக் கருவியே கணினியில் இல்லாததால் அதன் மேக்ரோ (விரித்தெழுதப்படவேண்டிய சுருக்கக் குறிப்பு) விரிவடையாமல் அப்படியே தங்கிவிட்டது. கருவியை நிறுவி, கான்ஃபிகரை மீண்டும் உருவாக்கினால் சரியாகிவிடும்.

இனி இணைப்பியின் முறை. 'கேனாட் ஃபைண்ட்' என்பதைத் தொடர்ந்து சிறுகோடும் எல் என்னும் எழுத்தும் 'யாஜ்ல்' என்னும் பெயரும் வந்தால், லிப்யாஜ்ல்.எஸ்ஓ அல்லது லிப்யாஜ்ல்.ஏ என்னும் கோப்பை இணைப்பி தேடிக் காணவில்லை என்று பொருள். முன்னே சொன்ன டெவ் பொதி இல்லாததே பெரும்பாலும் காரணம். 'இன்கம்பேட்டிபிள்' என்று சொல்லி ஒரு கோப்பைத் தாண்டிச் சென்றிருந்தால், 64 பிட் நிரலுக்கு 32 பிட் நூலகம் கண்ணில் பட்டிருக்கிறது. செருகுநிரல்களுக்கே உரிய மற்றொரு பிழை, 'ஃபிபிஐசி தெரிவோடு மீண்டும் தொகுக்கவும்' என்று முடிவது. செருகுநிரல் என்பது ஒரு பகிர்நூலகம். நினைவகத்தில் எந்த முகவரியிலும் அது ஏற்றப்படலாம். நீங்கள் கொடுத்த நூலகமோ அவ்வாறு நகர்த்த இயலாதபடி தொகுக்கப்பட்ட, '.ஏ' என்று முடியும் நிலைநூலகம். அந்த நூலகத்தை ஃபிபிஐசி தெரிவோடு திரும்பத் தொகுக்கவேண்டும், அல்லது அதன் பகிர்வடிவத்தை நிறுவவேண்டும். செருகுநிரலின் மேக்கோப்பில் எதை மாற்றினாலும் பயனில்லை.

கடைசி நிலை இயங்குநேரம். இங்கேதான் அனுபவமுள்ளவர்களும் ஏமாறுவார்கள். ஒரு நிரலுக்கு வேண்டிய பகிர்நூலகங்களைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளையை கலெக்ட்-டியின் மையநிரல்மீது ஏவினால் எல்லா நூலகங்களும் ஒழுங்காக இருப்பதாகவே காட்டும், ஏனெனில் செருகுநிரல்களை மையநிரல் தன்னோடு இணைத்து வைத்திருப்பதில்லை. ஓடும்போது டிஎல்ஓபன் என்னும் சார்பால் ஒவ்வொன்றாகத் திறக்கிறது. ஆகவே எல்டிடியை செருகுநிரலின் '.எஸ்ஓ' கோப்பின்மீதே ஏவவேண்டும். வேறு இடம் குறிப்பிடாமல் தொகுத்திருந்தால் அக்கோப்புகள் /ஆப்ட்/கலெக்ட்டி/லிப்/கலெக்ட்டி என்னும் அடைவில் இருக்கும். 'நாட் ஃபவுண்ட்' என்று வரும் வரியே விடை. நம்பகமற்ற இடத்திலிருந்து வந்த கோப்பானால் எல்டிடியைத் தவிர்த்து, ரீட்எல்ஃப் கருவியைச் சிறிய 'டி' தெரிவோடு பயன்படுத்துவது பாதுகாப்பானது. எல்டிடி சில வேளைகளில் அந்தக் கோப்பையே இயக்கக்கூடும்.

நூலகம் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் போன்ற அடைவில் இருந்தும் ஏற்றிக்குத் தெரியவில்லை என்றால், ஏற்றியின் நூலகப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஒருமுறை இயக்குங்கள். அடைவே பட்டியலில் இல்லையென்றால் /இடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி அடைவில் ஒரு சிறு கோப்பை உருவாக்கி, அடைவின் பாதையை அதில் எழுதி, பிறகு இயக்குங்கள். எல்டி_லைப்ரரி_பாத் என்னும் சூழல் மாறியை முனையத்தில் வைத்துவிட்டு வேலை முடிந்ததாக எண்ணுவதை நான் பரிந்துரைப்பதில்லை. முனையத்தில் நிரல் ஓடும். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாகச் சேவையாகத் தொடங்கும்போது அந்த மாறி போய்ச் சேராது, பிழை மீண்டும் தலைகாட்டும். இதே காரணத்தால் ஓர் இரவு முழுவதையும் இழந்தவன் நான்.

ஓரிடத்தில் தொகுத்து வேறிடத்தில் நிறுவுவோருக்கு வரும் பிழையும் இவ்வகைதான். உபுண்டு 20.04இல் தொகுத்த செருகுநிரல் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 கோப்பைக் கேட்கும், 22.04இல் ஓபன்எஸ்எஸ்எல் 3 மட்டுமே இருக்கும். புதிய கோப்புக்குப் பழைய பெயரில் ஒரு குறியீட்டு இணைப்பை வைத்து ஏமாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். அவ்வாறு செய்யாதீர்கள். அப்பெயரிலுள்ள பதிப்பெண், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை என்று நூலகத்தின் ஆசிரியர்களே அறிவிப்பதற்காக வைத்தது. புதிய இயங்குதளத்தில் மீண்டும் தொகுப்பதே வழி.

நூலகக் கோப்புகள் எல்லாம் இருந்தும் 'அன்டிஃபைன்ட் சிம்பல்' (வேண்டிய சார்பு கிடைக்கவில்லை) என்று செருகுநிரல் ஏற மறுத்தால், இரண்டு காரணங்களைச் சோதிக்கவேண்டும். தொகுத்தபோது ஒரு பதிப்பின் தலைப்புக் கோப்பும் ஓடும்போது மற்றொரு பதிப்பின் நூலகமும் அகப்பட்டிருக்கலாம். எல்டிடி காட்டும் பாதை நீங்கள் எதிர்பார்த்த பாதைதானா என்று பாருங்கள். அல்லது இணைப்புக் கட்டளையில் நூலகத்தின் பெயர் மூலக் கோப்புகளுக்கு முன்னால் வந்திருக்கலாம். உபுண்டுவின் தொகுப்பி 11.10 முதல், அதுவரை தேவைப்படாத நூலகங்களை இணைப்பி விட்டுவிடும்படி இயல்பாகவே பணிக்கிறது. ஆகையால் முன்னால் வந்த பெயர் பயனின்றிப் போகும். சொந்தமாகச் செருகுநிரல் எழுதித் தொகுப்பவர்களிடம் இதை மிகுதியாகக் காணலாம்.

எந்த நிலையில் திருத்தம் செய்தாலும், பழைய தடயங்களை மேக் டிஸ்ட்கிளீன் கட்டளையால் துடைத்துவிட்டு, கான்ஃபிகரிலிருந்தே திரும்பத் தொடங்குங்கள். முன்பு கொடுத்த தெரிவுகள் கான்ஃபிக்.லாக் கோப்பின் தொடக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். துடைப்பதற்கு முன் அவ்வரியைப் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவிய பின், சேவையாகத் தொடங்குவதற்கு முன்னால், அமைப்புக் கோப்பில் வேண்டிய செருகுநிரல்களைக் குறிப்பிட்டு, மையநிரலை 'எஃப்' தெரிவோடு முன்புலத்தில் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். பதிவுச் செருகுநிரல் எதுவும் ஏற்றப்படாத வரை செய்திகள் முனையத்திலேயே வரும். ஏறாத செருகுநிரலின் பெயரும் காரணமும் அங்கே உடனே தெரிந்துவிடும்.