தெருவோரக் கறவை மாட்டின் நலனுக்கு மாட்டுக்காரரோடு சேர்ந்து செய்ய வேண்டியவை

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், பெரம்பூர் போன்ற பகுதிகளில் தலைமுறைகளாகக் கறவை மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. மேய்ச்சல் நிலம் மறைந்து, கொட்டில் சுருங்கி, மாடு தெருவுக்கு வந்துவிட்ட நிலையில், அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் புகாராகவே எழுகிறது. மாநகராட்சி வண்டி வந்து மாட்டைப் பிடித்துச் சென்று அடைக்கும். உரிமையாளர் அபராதம் கட்டி மீட்டு வருவார். மாடு அதே கொட்டிலுக்குத் திரும்பும். அது குடிக்கும் தண்ணீரும் படுக்கும் தரையும் தின்னும் தீவனமும் மாறுவதில்லை. அவற்றை மாற்றக்கூடியவர், நாள்தோறும் இரண்டு வேளை அந்த மடியைத் தொடுகிறவர்தான். எனவே மாட்டின் நலனில் அக்கறையுள்ள தெருவாசிகள் முதலில் அவரைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதிகாலைக் கறவையும் பால் ஊற்றும் வேலையும் முடிந்து, பிற்பகல் கறவை தொடங்குவதற்கு முன்பு, முற்பகல் பத்து மணி வாக்கில் அவருக்குச் சற்று ஓய்வு கிடைக்கும். அப்போது ஒருவரோ இருவரோ மட்டும் செல்லுங்கள். கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள். "அண்ணே, மத்தியானம் எத்தனை தடவை தண்ணி காட்டுவீங்க?" என்று கேட்பதே நல்ல தொடக்கம். அவருக்குத் தெரிந்ததைச் சொல்ல வைத்தால், எங்கே இடிக்கிறது என்பதையும் அவரே சொல்வார்: தொட்டி வைக்க இடமில்லை, லாரித் தண்ணீர் வராத நாளில் மாட்டுக்குக் குடம் கணக்கில்தான் கிடைக்கிறது, வைக்கோல் விலை தாங்கவில்லை. இக்குறைகளில் சிலவற்றைத் தெருவே தீர்க்க முடியும்.

மூன்றாவது ஆளாக உங்கள் பகுதி அரசு கால்நடை மருந்தகத்தின் உதவி மருத்துவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியிலேயே இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர்களையும் மாணவர்களையும் பேச அழைக்கலாம். குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒருவர், கோயில் வாசலில் கீரை விற்பவர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர் சேர்ந்தால் குழு நிறைவுபெறும். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் மாட்டுக்காரரின் குரல் அமுங்கிவிடும் என்பது என் கருத்து.

முதல் வேலை தண்ணீர். பாலில் 87 விழுக்காடு தண்ணீர்தான். ஒரு லிட்டர் பால் சுரக்கப் பசுவுக்கு நான்கைந்து லிட்டர் தண்ணீர் தேவை. சித்திரை வெயிலில் இன்னும் கூடும். இரண்டு வேளை மட்டும் தண்ணீர் காட்டப்படும் மாடு, வாளியைக் கண்டதும் மூச்சுவிடாமல் உறிஞ்சுவதை நீங்களே பார்க்கலாம். நாள் முழுதும் எட்டும்படி ஒரு சிமெண்டுத் தொட்டி வைப்பதும், லாரி வரும் நாளில் தெருவார் பங்கில் சில குடங்களை அதில் ஊற்றுவதும் பெரிய செலவில்லை. பால் அளவு கூடினால் மாட்டுக்காரருக்கு அடுத்த மாற்றத்தைச் செய்ய மனம் வரும். சென்னையில் வளர்பவற்றில் பல ஜெர்சிக் கலப்பினம் ஆதலால் வெப்பத்தை நாட்டு மாடுபோலத் தாங்காது. வாய் திறந்து மூச்சிரைக்கும், எச்சில் ஒழுகும். கடற்கரை நகரின் புழுக்கத்தில் உடம்பின் ஈரம் எளிதில் காயாது என்பதால், தண்ணீர் தெளிக்கும்போது கூடவே காற்றாடியும் ஓட வேண்டும்.

அடுத்தது தரை. பசு ஒரு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுத்திருக்க வேண்டும். வெறும் சிமெண்டில் படுத்தால் முழங்காலும் கணுக்காலும் வீங்கும். ஈரம் தேங்கினால் குளம்பு அழுகும், மடிநோய் வரும். ரப்பர் விரிப்பு ஒன்று போடுவதும், மூத்திரம் வடிய வாட்டம் அமைப்பதும் போதும். ஒரு பசுவுக்குக் கூரையின் கீழ் குறைந்தது 3.5 சதுர மீட்டர் வேண்டும். அந்த இடமே இல்லாதவரிடம் மாடுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும்படி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதை மருத்துவர் வாயிலாகச் சொல்வது நல்லது.

மாட்டுக்காரரை விடவும் அதிகமாகக் கற்பிக்கப்பட வேண்டியவர்கள் தெருவில் நடந்துபோகிற நாம்தான். பண்டிகை முடிந்த மறுநாள் மீந்த சோற்றையும் பொங்கலையும் மாட்டுக்கு வைப்பது புண்ணியம் என்று பலரும் நம்புகிறார்கள். பசுவின் முன்வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் நார்த் தீவனத்தைச் செரித்துப் பழகியவை. மாவுச்சத்து திடீரென்று குவிந்தால் அங்கே அமிலம் பெருகி, அசைபோடுவது நின்று, கழிச்சல் கண்டு, மாடு படுத்துவிடும். ஓரிரு நாளில் இறந்தும் போகலாம். முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையில் போடப்படும் மிச்சம் இதனினும் கொடியது. 2019 அக்டோபரில் சென்னைக் கால்நடை மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். மாடு பையைத் தேடிப் போவதில்லை; பைக்குள் இருக்கும் வாசனைக்காக முடிச்சோடு விழுங்குகிறது. ஆகவே அமாவாசையன்று கோயில் வாசலில், "ஒரு கட்டு அகத்திக்கீரை போதும், சோறு வேண்டாம், பை வேண்டாம்" என்று கீரை விற்பவர் சொல்லும்படி ஏற்பாடு செய்யுங்கள். அவர் சொன்னால் பக்தர்கள் கேட்பார்கள். அவருடைய வியாபாரமும் கூடும். வீடுகளில் சேரும் காய்கறித் தோலைத் தனி வாளியில் வாங்கி, அழுகுவதற்கு முன்பே கொட்டிலில் கொடுக்க ஒருவரைப் பொறுப்பாக்கலாம்.

கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசும்போது பொறுமை வேண்டும். சீம்பாலை வீட்டார் கேட்பதும், மாட்டுக்காரர் கொடுப்பதும் நம் ஊர் வழக்கம். கருப்பையில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கன்றுக்குச் செல்வதில்லை. முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பாலிலிருந்துதான் கிடைக்கின்றன. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர், கொடுத்த பிறகே மற்றவர்க்கு என்று தெருவாரே முடிவு செய்துகொள்ளலாம். பால் இறங்க ஊசி போடும் பழக்கம் எங்கேனும் இருந்தால், அது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 12ஆம் பிரிவின்படி குற்றம் என்பதை மருத்துவர் எடுத்துரைக்கட்டும். அதோடு மாற்று வழியையும் காட்ட வேண்டும்: கன்றை முட்டவிட்டு, மடியை வெந்நீரில் கழுவித் தடவிக் கொடுத்தால் பசு தானாகச் சுரக்கும், அந்தச் சுரப்பு சில நிமிடங்களே நிற்கும் என்பதால் அதட்டலும் அடியும் இல்லாமல் தொடர்ந்து கறந்து முடிக்க வேண்டும்.

இச்சட்டத்துக்கு வித்திட்டவர் நம் அடையாற்றில் வாழ்ந்த நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். 1950களில் மாநிலங்களவையில் அதற்கான மசோதாவை அவர் கொண்டுவந்தார். சட்டத்தைக் கையில் எடுப்பது கடைசி வழியாக இருக்கட்டும். ஆனால் பட்டினி போடுவதும் அடித்துக் காயப்படுத்துவதும் கண்முன்னே தொடர்ந்தால் தயங்கக் கூடாது.

கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசால் இலவசமாகப் போடப்படுகிறது. முகாம் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, தெருவிலுள்ள எல்லா மாடுகளுக்கும் ஒரே நாளில் போடச் செய்யுங்கள். அவசர உதவிக்கான 1962 என்ற எண்ணைக் கொட்டில் கதவில் பெரிதாக எழுதிவையுங்கள். அக்கதவிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தடுப்பூசி, சினை, நோய், பால் அளவு ஆகியவற்றை எழுதி வரலாம். எழுத நேரமில்லை என்று மாட்டுக்காரர் சொன்னால், பக்கத்துப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரை வாரம் ஒருநாள் ஆசிரியரோடு அனுப்புங்கள்; அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.