சொந்தக் காரில் கடமைப் பயணம்: மைலேஜ் கிளெய்ம் திரும்பி வராமல் எழுதுவது எப்படி?

வன்னியில் களவேலை பார்க்கும் அரச உத்தியோகத்தருக்கு அலுவலக வாகனம் கிடைப்பது அருமை. இருக்கிற ஒரு டபிள் கெப்பை எத்தனை கிளைகள் பங்குபோடுவது? மோட்டார் சைக்கிளில் போனால் மார்கழியில் நனைய வேண்டும், சித்திரையில் காய வேண்டும். ஆகவே பழைய அல்டோவோ வாகன்ஆரோ வைத்திருப்பவர்கள் அதையே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். போய் வருவது சுலபம். ஓடிய கிலோமீற்றருக்குரிய மைலேஜ் காசைக் கணக்குக் கிளையிலிருந்து எடுப்பதற்குத்தான் விளக்கம் தேவைப்படுகிறது.

படிவம் எங்கே எடுப்பது, சம்பள இலக்கத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதெல்லாம் இங்கே இல்லை. அதை உங்கள் சப்ஜெக்ட் கிளார்க்கே சொல்லிவிடுவார்.

அனுமதி முதலில், பயணம் பிறகு

பயணச் செலவுக்கான விதிகள் அரச உத்தியோகத்தருக்கான தாபன விதிக்கோவையின் 14ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு என்பதை அரச நிர்வாகச் சுற்றறிக்கைகள் சொல்லும். காருக்கு ஒன்று, மோட்டார் சைக்கிளுக்கு இன்னொன்று. வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட பழைய சுற்றறிக்கையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அரச நிர்வாக அமைச்சின் இணையத்தளத்தில் கடைசியாக வந்ததை எடுத்து, நடைமுறைக்கு வரும் திகதியைப் பாருங்கள்.

சொந்தக் காரைக் கடமைக்குப் பயன்படுத்த அனுமதி கேட்டுத் திணைக்களத் தலைவருக்குக் கடிதம் கொடுங்கள். வாகன இலக்கம், எந்த வேலைக்கு, எந்தக் காலத்துக்கு என்று எழுதி, சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வாகன வருமான அனுமதிப்பத்திரம் மூன்றின் பிரதியையும் இணைக்க வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம் ஆண்டுக்கொருமுறை புதுப்பிப்பது. புதுப்பித்ததும் புதிய பிரதியைக் கோப்பில் போட்டுவிடுங்கள். கணக்காய்வுக்காரர் முதலில் தேடுவது அதைத்தான்.

காப்புறுதி பற்றி ஒரு வார்த்தை. மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்துக்கொண்டு ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் பொழுதுபட்ட பிறகு காரில் திரியாதீர்கள். மாடு குறுக்கே வரும், சில இடங்களில் யானையும் வரும். முன்பக்கம் நொறுங்கினால் மைலேஜ் காசில் ஒரு ஹெட்லைட்கூட வாங்க முடியாது.

எழுதி வைப்பது

இதற்கென்று கைபேசிச் செயலிகள் இருக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. ஏ9 இல் ஒழுங்காகக் கணக்கிடும் செயலி, காட்டுக்குள் திரும்பியதும் நேர்கோடு போட்டுவிடுகிறது. நான் பயன்படுத்துவது ஒரு சி.ஆர். கொப்பி. திகதி, புறப்பட்ட நேரம், காரின் மீற்றர் அளவு, போன இடம், என்ன வேலை, திரும்பிய நேரம், மீற்றர் என்று ஒரு பயணத்துக்கு ஒரு வரி. அதோடு புறப்படும்போதும் திரும்பியதும் மீற்றரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிவிடுவேன். திகதியும் நேரமும் தானாக விழுந்துவிடும்.

மாத முடிவில் எக்ஸெல்லில் கூட்டுவது வசதிதான். ஆனால் மூலப் பதிவு கொப்பியாகவே இருக்கட்டும்.

எந்த இடத்திலிருந்து எண்ணுவது?

கிளெய்ம்கள் அதிகம் திரும்பி வருவது இங்கேதான். கார் ஓடிய தூரம் வேறு, கோரக்கூடிய தூரம் வேறு. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு வந்துபோவது உங்கள் சொந்தச் செலவு. கடமைத் தூரத்தைக் கடமை நிலையத்திலிருந்து எண்ண வேண்டும். இதுவரை யாருக்கும் சந்தேகமில்லை. நேரே களத்துக்குப் போகிற நாளில்தான் சிக்கல்.

உதாரணமாக, வீடு மாங்குளத்தில், அலுவலகம் ஒட்டுசுட்டானில், வேலை கரிப்பட்டமுறிப்பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில், ஒரே கோட்டில் இருக்கின்றன; கரிப்பட்டமுறிப்பு நடுவில். காலையில் வீட்டிலிருந்து வரும்போதே அங்கே இறங்கி, வேலையை முடித்துக்கொண்டு அலுவலகம் போனால் எவ்வளவு கோரலாம்? ஒன்றுமில்லை. எப்படியும் நீங்கள் வரவேண்டிய பாதை அது. ஒருமுறை கணக்குக் கிளையிலிருந்து எனக்கு வந்த கேள்வியும் இதுதான்: "சேர், இது உங்கட வீட்டுக்குப் போற வழிதானே?" அதற்குப் பதில் எழுத முடியாது.

அதே நாளில் முதலில் அலுவலகம் வந்து கைரேகை வைத்து, வெளிச்செல்லல் பதிவேட்டில் எழுதிவிட்டு, கரிப்பட்டமுறிப்புக்குப் போய்த் திரும்பவும் அலுவலகம் வந்தால் இருவழித் தூரமும் கடமைத் தூரம். வேலை முடிய நேரமாகி அங்கிருந்தே வீட்டுக்குப் போய்விட்டால், எங்கள் கணக்குக் கிளை அலுவலகத்திலிருந்து கரிப்பட்டமுறிப்புக்குப் போன தூரத்தை மட்டும் ஏற்றுக்கொள்கிறது. நியாயமாகப் பார்த்தால் அது சரிதான்.

முத்தையன்கட்டு போல வீட்டு வழியில் இல்லாத இடம் என்றால் கதை வேறு. வீட்டிலிருந்து நேரே போனாலும், அலுவலகத்திலிருந்து உள்ள தூரம், வீட்டிலிருந்து உள்ள தூரம் இரண்டையும் பார்த்துக் குறைந்ததை எழுதுங்கள். அப்படி எழுதிய கிளெய்ம் எனக்கு ஒருநாளும் திரும்பி வந்ததில்லை.

கணக்குக் கிளை உங்கள் கிளெய்மை மூன்று ஏடுகளோடு ஒப்பிடும்: முற்கூட்டிய நிகழ்ச்சித்திட்டம், வெளிச்செல்லல் பதிவேடு, வரவுப் பதிவு. நிகழ்ச்சித்திட்டத்தில் செவ்வாய் என்று போட்டுவிட்டுப் புதனன்று போயிருந்தால், மாற்றத்தை மேலதிகாரியின் கையொப்பத்தோடு அந்த வாரமே திருத்திவிடுங்கள். கொப்பியிலும் பதிவேட்டிலும் நேரங்கள் ஒத்துப்போனால் மீதி தானாக ஓடும்.

பெற்றோல் பில் வேண்டாம்

மைலேஜ் என்பது எரிபொருள், ரயர், தேய்மானம் எல்லாம் சேர்ந்த ஒரே தொகை. பில் இணைத்தால் அது கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. பெற்றோல் விலை அடிக்கடி மாறும், கிலோமீற்றர் வீதமோ அடுத்த சுற்றறிக்கை வரும்வரை அசையாது. 2022 ஜூனில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனபோது எங்களில் பலர் காரைப் போர்த்து மூடியதற்குப் பெற்றோல் வரிசை மட்டும் காரணமில்லை.

பின்சேர்க்கை – வாசகர்கள் கேட்டவை

கார் லீசிங்கில் இருக்கிறது, வாகனப் பதிவுப் புத்தகம் கையில் இல்லை, என்ன செய்வது என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். லீசிங் கம்பனி முழு உரிமையாளராகப் பதிவில் இருக்கும், நீங்கள் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர். பதிவுச் சான்றிதழின் பிரதியைக் கம்பனியிடம் கேட்டு வாங்கி அனுமதிக் கடிதத்தோடு இணையுங்கள். கார் கணவர் பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்தால் அதையும் கடிதத்திலேயே சொல்லி, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக "பிரச்சினை இல்லை" என்பவர் அடுத்த வருடம் இடமாற்றத்தில் போய்விடுவார்.

ஒரே காரில் இரண்டு பேர் போனால் மைலேஜ் கார்க்காரருக்கு மட்டும். கூடப் போனவர் தன் படிவத்தில் இன்னாருடைய வாகனத்தில் சென்றதாக எழுதினால் போதும். அவரும் கிலோமீற்றர் போட்டால் இரண்டு கிளெய்மும் மாட்டும்.

மழைக்காலத்தில் சுற்றிப் போனதை எழுதலாமா என்று முல்லைத்தீவிலிருந்து கேள்வி. எழுதலாம், ஆனால் காரணத்தோடு. வட்டுவாகல் பாலத்தின் மேலால் வெள்ளம் பாயும் நாட்களில் புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுக்கு ஒட்டுசுட்டான் வழியாகத்தான் வரவேண்டும். தூரம் ஏறக்குறைய இரட்டிப்பு. வரைபடத்தை வைத்துச் சரிபார்ப்பவருக்கு அது பொய்க்கணக்காகத் தெரியும். "பாலம் மூடப்பட்டதால் ஒட்டுசுட்டான் ஊடாக" என்று அதே வரியில் எழுதி, மேலதிகாரியின் சிறுகையொப்பம் வாங்குங்கள். 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்தின்போது போனவர்கள் இன்னும் கிளெய்ம் எழுதாமல் இருந்தால், அந்த நாள் வீதி மூடல் அறிவித்தல் கைபேசியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கடைசியாக, காசு எப்போது வரும்? படிவம் அங்கீகரிப்பு, சான்றுப்படுத்தல், கொடுப்பனவு என்று நிதிப்பிரமாணத்தின்படி கைமாறிப் போகும். உள்நாட்டுப் பயணச் செலவின் குறியீடு 1101. அதில் ஒதுக்கீடு முடிந்தாலோ, கட்டுநிதி (திறைசேரி விடுவிக்கும் காசு) வராவிட்டாலோ, சரியான கிளெய்மும் தட்டில் கிடக்கும். நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிவதால் ஒக்டோபர், நவம்பர் பயணங்களைச் சேர்த்து வைக்காமல் அந்தந்த மாதமே கொடுங்கள். டிசம்பர் பயணத்தை எந்தத் திகதிக்கு முன் கொடுக்க வேண்டும் என்று மாதத் தொடக்கத்திலேயே கணக்குக் கிளையில் கேட்டுவிடுங்கள்.