முகாம் ஒரு பக்கம், தூசி மறுபக்கம்: நுரையீரல் நோய்த் தடுப்பில் அறக்கட்டளையும் அரசுத் துறையும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி வட்டாரத்தில் மருத்துவ முகாம் நடத்த முன்வரும் அறக்கட்டளைகளுக்குப் பஞ்சமில்லை. வியாபாரத்தில் வந்ததில் ஒரு பங்கை மகமையாக எடுத்துவைத்துக் கோயிலும் ஊருணியும் பள்ளிக்கூடமும் கண்ட மண் இது. ஆனால் கண்புரைக்கு நடத்துகிற முறையிலேயே தொழில்வழி நுரையீரல் நோய்க்கும் முகாம் நடத்திவிட்டால் போதும் என்று எண்ணுவதுதான் முதல் தவறு. புரையை அறுவை செய்து அகற்றிவிடலாம். கல்லிலும் மணலிலும் இருக்கும் சிலிக்காவின் தூசியால் நுரையீரலில் விழுந்த தழும்பை எந்த மருந்தாலும் அகற்ற முடியாது. ஆகவே சிலிகோசிஸ் எனப்படும் இந்த நோயைப் பொறுத்தவரை வருமுன் காப்பதே வழி. பட்டறைக்குள் நுழையவும், ஆவணங்களைக் கேட்கவும், ஆபத்தான வேலையை நிறுத்தச் சொல்லவும் அதிகாரம் பெற்றது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். தொழிலாளி வாய் திறந்து பேசும் அளவுக்கு நம்பிக்கையைப் பெறக்கூடியது அறக்கட்டளை. ஒன்றிடம் இருப்பது மற்றொன்றிடம் இல்லை என்பதனால்தான் கூட்டு தேவைப்படுகிறது. புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது இந்த எளிய கணக்கு பெரும்பாலும் மறந்துபோகிறது.

எந்தத் தூசி என்று பார்க்காமல் இறங்குவது அடுத்த பிழை. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் என்றவுடன் வெளியூர்க்காரர்கள் அதைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். அந்த வேலையில் கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். பளபளப்பைக் கண்ணாடியே தந்துவிடுவதால் தேய்த்து மெருகேற்றும் வேலை இல்லை. உலர்ந்த சிமெண்டையும் மணலையும் சலித்துக் கலக்கும் இடத்தில் கவனம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து கல்லை உலர்ந்த நிலையில் கிரைண்டரால் அறுக்கும் இடத்திலும், கிரஷரிலும், பழைய வீடுகளை இடித்துத் தூணும் கதவும் பிரித்தெடுக்கும் இடத்திலும் இருக்கிறது. நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லும் துகள் கண்ணுக்குத் தெரியாது. தரையில் படிந்திருக்கும் தூசியைப் பார்த்து ஆபத்தை மதிப்பிடுவதால் பயனில்லை. தொழிலாளி மூச்சு விடும் உயரத்தில் காற்றை அளந்தாக வேண்டும். தேக்கை இழைத்து உப்புத்தாள் தேய்க்கும் ஆசாரிக்கு வருவது பெரும்பாலும் மூக்கையும் மூச்சுக்குழாயையும் பற்றிய தொல்லை, ஆஸ்துமா போன்றவை. அதைச் சிலிகோசிஸோடு சேர்த்து ஒரே துண்டறிக்கையில் அச்சிடுவது இருவரையும் குழப்பும்.

முகக்கவசம் வழங்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் கவசம் அணிந்து கல் அறுக்க யாராலும் முடியாது. துணிக் கவசமோ தலைத்துண்டோ நுண்துகளைத் தடுக்காது. அறுக்கும் வட்டில் தண்ணீர் சொட்டும்படி ஒரு குழாயைப் பொருத்துவதும், கம்ப்ரசர் காற்றால் உடையை ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கத்தை நிறுத்துவதும் அதைவிடப் பயன் தரும். தானம் செய்பவரின் பெயரைக் குழாயில் பொறிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

சட்டம் எல்லோரையும் காக்கிறது என்று நம்பித் திட்டமிடுவதும் தவறு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பொதுவாக மின்விசையோடு 10 பேர், மின்விசை இல்லாமல் 20 பேர் என்ற அளவிலிருந்துதான் பொருந்தியது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20, 40 என்று உயர்த்தியது. நான்கு பேர் வேலை பார்க்கும் கல் பட்டறை இந்தக் கணக்கில் வராது. அதற்குத் தொழிலாளர் துறையும் நல வாரியங்களும் கூட்டில் இடம்பெற வேண்டும். எல்லையும் கவனிக்கத்தக்கது: ஆத்தங்குடியும் கானாடுகாத்தானும் சிவகங்கை மாவட்டம், கோனாபட்டும் ராயவரமும் புதுக்கோட்டை மாவட்டம். செட்டிநாடு ஒன்றுதான் என்றாலும் ஒரு மாவட்டத்து அலுவலரோடு மட்டும் பேசி முடித்தால் பாதிச் செட்டிநாடு வெளியே நின்றுவிடும்.

மருத்துவர்களை ஓரமாக வைப்பது எனக்குப் பெரிதாகப் படும் பிழை. சிலிகோசிஸ் எக்ஸ்-ரேயில் காசநோய் போலத் தோற்றம் தரக்கூடும். சிலிக்கா காசநோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டும் மூச்சிரைப்பு குறையாதவரிடம் ‘என்ன வேலை பார்த்தீர்கள், எத்தனை வருடம்?’ என்று கேட்காவிட்டால் காரணம் புதைந்துபோகும். சிலிகோசிஸ், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) நோய், பஞ்சாலைத் தூசியால் வரும் பிசினோசிஸ் ஆகியவை மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்கள். அறிவிக்கும் படிவம் எது, அது யாருக்குப் போக வேண்டும் என்பதை முகாம் நாளுக்கு முன்பே இயக்ககமும் அறக்கட்டளையும் சேர்ந்து மருத்துவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அதே நேரத்தில், முகாமில் திரட்டிய பெயர்ப் பட்டியலை அப்படியே அதிகாரியிடமோ முதலாளியிடமோ கொடுத்துவிடக் கூடாது. சட்டம் கேட்பதைச் சட்டப்படி அனுப்பலாம். மற்றதைப் பட்டறை வாரியாகத் தொகுத்த எண்களாகக் கொடுக்கலாம். இருமல் இருப்பதாகத் தெரிந்தால் மறுநாள் வேலை போய்விடும் என்ற அச்சம் பரவினால் அடுத்த முகாமுக்கு நோயாளி வரமாட்டார். கிரஷர் முதலாளியின் நன்கொடையை வாங்கலாமா என்ற கேள்வியும் இங்கேயே எழும். ஊரில் கொடுக்கிற கையும் தூசி கிளப்புகிற கையும் ஒன்றாக இருப்பது அரிதல்ல. என் கருத்தில், ஆய்வுக்கு உட்படும் தொழிலின் பணம் கட்டடத்துக்கு வேண்டுமானால் வரட்டும், காற்றை அளக்கும் பணிக்கு வரக் கூடாது.

கடைசியாக, ஓராண்டு முடிவில் பலனைத் தேடுவது. நாட்பட்ட சிலிகோசிஸ் தலைகாட்டப் பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். கல்நார் சார்ந்த புற்றுநோய்க்கு முப்பது நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். பிரிட்டனில் கல்நார் 1999-இல் தடை செய்யப்பட்டது. இருந்தும் பணியிடத்தில் முன்பு கல்நார் உள்ளிட்டவற்றால் ஏற்பட்ட பாதிப்புகளோடு தொடர்புடைய நுரையீரல் நோய் மரணங்கள் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் என்று அந்நாட்டின் பணியிடப் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிடுகிறது. நம் ஊரிலோ ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுகளை இன்றும் அறுத்துக் கூரை போடுகிறோம். இன்று ஆத்தங்குடியில் வேலை பார்ப்பவர் நாளை சிங்கப்பூரில் இருப்பார். மூச்சிரைப்போடு அவர் திரும்பி வரும்போது எங்கே, எவ்வளவு காலம், எந்தத் தூசியில் இருந்தார் என்ற சான்று கிடைக்க வேண்டும். கோயில் வரிக்காக நகரத்தார் புள்ளிக் கணக்கை, அதாவது குடும்பங்களின் கணக்கை, தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருப்பதுபோல, பட்டறைவாரியான தொழிலாளர் ஏட்டை முப்பது ஆண்டுகள் யார் வைத்திருப்பது, அறக்கட்டளையா அரசா என்பது ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.