இந்தோனேசியாவிலிருந்து ஆள் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்: 'இலவச' ஏஜென்சியில் தொடங்கி

ஜகார்த்தாவிலிருந்து இரண்டு ஏஜென்சிகளின் விலைப்புள்ளி வந்திருக்கிறது. ஒன்று, ஒரு வெல்டருக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்டு, மருத்துவப் பரிசோதனை, டிரேட் டெஸ்ட் (வேலையைச் செய்துகாட்டும் தேர்வு), விசா, டிக்கெட் என்று வரிவரியாகக் கணக்குக் காட்டுகிறது. இன்னொன்று, "உங்களிடம் ஒரு காசும் வாங்கமாட்டோம், டிக்கெட் மட்டும் எடுத்துக் கொடுங்கள்" என்கிறது. வளைகுடாவில் ஆளெடுப்பு வேலை பார்த்த காலத்தில் என் முதல் கையெழுத்து இரண்டாவது தாளில்தான் விழுந்தது. பிறகு நடந்த கோளாறுகளில் பாதிக்கு மேல் அந்தக் கையெழுத்திலிருந்து கிளைத்தவை.

எந்த ஏஜென்சியும் தர்மத்துக்குத் தொழில் நடத்துவதில்லை. உங்களிடம் வாங்காத பணத்தை அது தொழிலாளியிடம் வாங்கிக்கொள்கிறது. கிழக்கு ஜாவாவிலோ லோம்போக்கிலோ ஒரு கிராமத்தில் ஆளைப் பிடித்துத் தரும் தரகரை அங்கே 'சாலோ' என்பார்கள். அவருக்கு ஒரு பங்கு, பயிற்சி நிலையத்துக்கு ஒரு பங்கு, ஏஜென்சிக்கு மீதி. அதற்காக வயலை ஒத்திக்கு வைப்பார்கள், மோட்டார் சைக்கிளை விற்பார்கள். இப்படித் திரட்டும் பணத்துக்கு அவர்கள் மொழியில் 'மொடல்' என்று பெயர். நம்முடைய 'முதல்'தான் கப்பலேறிப் போய் அப்படி ஆகியிருக்கிறது. முதல் போட்டவன் முதலாளி என்பது நம் ஊர்க் கணக்கு. இந்தத் தொழிலில் முதலையும் போட்டு, கூலிக்கும் உழைப்பவர் ஒரே ஆள்.

2022இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதிப் பண்ணைக்குப் பழம் பறிக்கப் போன இந்தோனேசியர்களில் சிலர் 5,000 பவுண்டு வரை கடன்பட்டிருந்தது செய்தியானது. அவர்களுடைய விசா ஆறு மாதத்துக்கானது. கடன் அடைவதற்குள் விசா முடிந்துவிடும் என்பதற்குப் பெரிய கணக்கு எதுவும் வேண்டியதில்லை. இப்படி வருபவர் உங்களிடம் என்ன செய்வார்? நோயை மறைப்பார், ஓவர்டைம் இல்லாத வாரத்தில் முகம் வாடுவார், பக்கத்து கம்பெனியில் சற்றுக் கூடுதலாகக் கிடைத்தால் போய்விடுவார். "இந்தோனேசியர்கள் நிலைத்து நிற்பதில்லை" என்று மேனேஜர் அறிக்கை எழுதுவார். வட்டிதான் அவரை நிற்கவிடவில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. இந்தோனேசியாவின் 2017ஆம் ஆண்டு 18ஆம் எண் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வேலையில் அமர்த்துவதற்கான செலவைத் தொழிலாளியின் மேல் சுமத்தக்கூடாது என்கிறது. அதை நடைமுறைப்படுத்த 2020இல் வந்த விதி, வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு, தோட்ட வேலை, மீன்பிடிக் கப்பல் வேலை என்று இப்படிச் சுமத்தக்கூடாத 10 வகைப் பணிகளைப் பட்டியலிட்டது. வெல்டரும் நர்ஸும் பட்டியலில் இல்லையே, அவர்களிடம் வாங்கினால் என்ன என்று வாதாடும் ஏஜென்சிகள் உண்டு. அந்த வாதத்துக்குத் தலையாட்டாதீர்கள். யார் எதற்குப் பணம் கொடுப்பது என்பதை ஒப்பந்தத்தில் வரிவரியாக எழுதுங்கள். தொழிலாளியிடம் வாங்கியது தெரியவந்தால் ஏஜென்சி திருப்பித் தர வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள்.

உரிமம் பார்ப்பதில் நடக்கும் தவறு வேறு மாதிரியானது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப உரிமம் பெற்ற தனியார் நிறுவனத்தை 'பே-தீகா-எம்-ஈ' என்பார்கள். அதற்குக் குறைந்தது 500 கோடி ரூப்பியா முதலீடும், அரசு வங்கியில் 150 கோடி ரூப்பியா வைப்புத்தொகையும் வேண்டும் என்கிறது அதே சட்டம். ரூப்பியாவில் பூஜ்யங்கள் அதிகம், மிரள வேண்டாம். ஆனால் பலர் கைகுலுக்குவது 'எல்-பே-கா' எனப்படும் பயிற்சி நிலையங்களோடு. அழகான வகுப்பறை, சீருடை அணிந்த மாணவர்கள், ஒரே குரலில் வணக்கம். எல்லாம் சரி, பயிற்சி உரிமம் ஆள் அனுப்பும் உரிமம் ஆகிவிடாது. ஜப்பான் பயிற்சித் திட்டத்துக்கு அனுப்பத் தனி அனுமதி வாங்கிய நிலையங்கள் உண்டு. அந்த அனுமதி உங்கள் தொழிற்சாலைக்குச் செல்லாது. உரிமம் இல்லாமல் ஆள் அனுப்பும் தனிநபருக்கு 10 ஆண்டு வரை சிறை. வெளிநாட்டு வேலைக்குப் போகும் இந்தோனேசியர்களைக் கவனிக்கும், முன்பு ஆணையமாக இருந்த அமைப்பு 2024 அக்டோபரில் தனி அமைச்சகமாகவே உயர்ந்துவிட்டது. உரிமத்தை அங்கே சரிபாருங்கள், ஏஜென்சி அனுப்பும் பிடிஎஃப்பில் அல்ல.

பிறகு அவசரம். வீடியோவில் நேர்முகம் முடித்து, "தேர்வாகிவிட்டீர்கள், வேலையை விடுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் காகிதங்களைத் தேடுகிறார்கள். ஒழுங்கு இதற்கு நேர் எதிரானது. டிமாண்ட் லெட்டர் (என்ன வேலைக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று நீங்கள் எழுதும் கடிதம்), ஏஜென்சியோடு செய்த ஒப்பந்தம், வேலை ஒப்பந்தத்தின் மாதிரி ஆகியவற்றை உங்கள் நாட்டில் உள்ள இந்தோனேசியத் தூதரகம் சரிபார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த ஆளெடுப்புக்கான அனுமதி ஏஜென்சிக்குக் கிடைக்கும். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள் கடைசியில், "இப்போதைக்கு டூரிஸ்ட் விசாவில் வரட்டும்" என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். அந்த ஆளை ஜகார்த்தா விமான நிலையத்திலேயே அதிகாரிகள் விமானம் ஏறவிடாமல் தடுத்துவிடவும் கூடும்.

பெயர் மாற்றி அனுப்பும் வழிகளும் உண்டு. 2023 அக்டோபர் முதல் டிசம்பர் வரை 33 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 1,047 மாணவர்கள் படிப்பின் பகுதியான பயிற்சி என்ற பெயரில் ஜெர்மனிக்குப் போனார்கள். அங்கே கிடைத்தது விடுமுறைக்கால உடலுழைப்பு வேலை. இந்தோனேசியக் காவல்துறை அதை ஆள்கடத்தல் வழக்காக விசாரித்தது. 'பயிற்சி', 'பண்பாட்டுப் பரிமாற்றம்' என்று ஏஜென்ட் பேசத் தொடங்கினால் நாற்காலியை விட்டு எழுந்துவிடலாம்.

எல்லா நாட்டுக்கும் ஒரே கதவு என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்கும் தென்கொரியாவின் இபிஎஸ் திட்டம் அரசுக்கும் அரசுக்கும் இடையிலானது. நடுவில் ஏஜென்சிக்கு இடமில்லை. மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணியாளர்களை அனுப்புவதை 2015இல் தடைசெய்தார்கள். வளைகுடா கம்பெனிகள் அந்தத் தடையைக் கேள்விப்பட்டு, வெல்டரையும் எடுக்க முடியாது என்று குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி நேர்முகம். நான் அதிகம் தடுக்கி விழுந்த இடம் இது. "டக்ட் (காற்றுக்குழாய்) வேலை செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் 'தீடாக்', அதாவது இல்லை, என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வது அங்கே அவ்வளவு பழக்கமில்லை. 'பெலும்' என்பார்கள். இன்னும் இல்லை என்று பொருள். திருமணம் ஆகிவிட்டதா என்று அறுபது வயதுப் பிரம்மச்சாரியைக் கேட்டாலும் அதே பதில்தான். மொழிபெயர்ப்பாளர் அதை "கற்றுக்கொள்வார்" என்று மாற்றிச் சொல்வார், நீங்கள் டிக் போடுவீர்கள். 'ஈயா' என்று ஆமோதிப்பதும் பல நேரம் "நீங்கள் சொல்வது காதில் விழுகிறது" என்ற அளவுக்குத்தான். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை விட்டுவிடுங்கள். "கடைசியாக வெல்டிங் செய்த பைப் என்ன அளவு, என்ன உலோகம், எக்ஸ்ரேயில் எத்தனை ஜாயின்ட் திரும்பி வந்தது?" என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் கையை அசைத்து விளக்கத் தொடங்கிவிடுவார்.

அதைவிட நம்பகமானது டிரேட் டெஸ்ட். சான்றிதழில் 6ஜி என்று இருக்கலாம். பைப்பை 45 பாகையில் சாய்த்துப் பொருத்தி, அதைத் திருப்பாமல் சுற்றிப் பற்றவைக்கும் தேர்வு அது. ஆனால் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இயின் விதிப்படி, அந்த முறையில் ஆறு மாதம் பற்றவைக்காமல் இருந்தால் அந்தத் தகுதி காலாவதி. ஆகவே உங்கள் உலோகம், உங்கள் வெல்டிங் முறை, உங்கள் இன்ஸ்பெக்டர் என்று நடத்துங்கள். ஜகார்த்தாவிலேயே எல்லாரும் கிடைப்பார்கள் என்றும் எண்ண வேண்டாம். கப்பல் கட்டும் பாத்தாம், சுராபாயா, உருக்காலை உள்ள சிலேகொன், எரிவாயு ஆலை உள்ள போந்தாங் ஆகிய ஊர்களில் கை பழகியவர்கள் அதிகம். நர்ஸ் தேவையென்றால், மூன்றாண்டு டிப்ளமாவா, பட்டப்படிப்புக்குப் பிறகு தொழில்முறைப் பயிற்சியும் முடித்த 'நெர்ஸ்' தகுதியா என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு விளக்கம் அதிகம் வேண்டியதில்லை. இனிஷியலை விரித்தெழுதி விசாவில் மாட்டிக்கொண்ட பரம்பரை நாம். அங்கே பலருக்கு ஒரே ஒரு பெயர்தான், குடும்பப் பெயரே கிடையாது. குறைந்தது இரண்டு சொல் வேண்டும் என்ற விதி 2022இல்தான் வந்தது, அதுவும் புதிதாகப் பதியும் பெயர்களுக்கு. பாஸ்போர்ட், அடையாள அட்டை, படிப்புச் சான்றிதழ் மூன்றிலும் எழுத்து ஒத்துப்போகிறதா என்று தேர்வு நாளிலேயே பாருங்கள்.

நாள்காட்டியையும் பாருங்கள். ஈகைப் பெருநாள் போனஸை, பெருநாளுக்கு ஏழு நாள் முன்பாவது முதலாளி கொடுத்தாக வேண்டும். அதை வாங்காமல் யாரும் வேலையை விடமாட்டார்கள். நல்ல ஆட்கள் வெளியே வருவது பெருநாளுக்குப் பிறகு. எல்லாரும் முஸ்லிம் என்று எண்ணிப் பாலி இந்துவுக்கும் புளோரஸ் கத்தோலிக்கருக்கும் தொழுகை நேரம் ஒதுக்கிய கம்பெனியும் உண்டு. அவர்கள் சிரித்துக்கொண்டே 'ஈயா' சொல்லியிருப்பார்கள்.

ஆள் வந்து சேர்ந்த பிறகு ஒரு வேலை மிச்சம். எவ்வளவு பணம் கொடுத்து வந்தீர்கள் என்று கேட்க வேண்டும். விமான நிலையத்தில் கேட்டால், "ஒன்றும் இல்லை" என்பார். அப்படிச் சொல்லச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். முதல் சம்பளம் கைக்கு வந்த வாரம், மேஸ்திரி இல்லாத நேரம், அவர் 'மாஸ்' (அண்ணன்) என்று கூப்பிடும் மூத்த ஜாவாக்காரர் ஒருவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அப்போது ஒரு தொகை வரும். அதை எடுத்துக்கொண்டு ஏஜென்சியைக் கூப்பிடுங்கள்.